எல்லை காந்தி

அடிக்க வலுவில்லாதவன் பேசுவதே அகிம்சை என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். கான் அப்துல் கபார் கானின் வரலாறு அவ்வெண்ணத்தை அசைத்துவிட்டது.

1890-இல் உத்மான்சாய் என்னும் ஊரில் பிறந்தவர். துப்பாக்கியும் பழிக்குப்பழியும் பட்டாணியரின் குலவழக்கம். அவர்களிடையே முதலில் பள்ளி திறந்தார். 1929-இல் குதாய் கித்மத்கார் என்னும் செஞ்சட்டைத் தொண்டர் படையை அமைத்தார். பழிவாங்குவதில்லை என்று உறுதி கூறியவரே அதில் சேரலாம். நம்மில் எத்தனை பேர் அவ்வுறுதியைக் கூறத் துணிவோம்? எனக்கு என்மீதே ஐயம்தான்.

1930 ஏப்ரல் 23 அன்று அவர் கைதானதை எதிர்த்துப் பெஷாவர் கிஸ்ஸாக்கானிக் கடைவீதியில் திரண்டோர் சுடப்பட்டனர். குறி தவறாது சுடத் தெரிந்த இனத்தார் திருப்பிச் சுடவில்லை. அவர்களைச் சுட மறுத்த கட்வாலிப் படைவீரர்கள் சிறை சென்றனர்.

வெள்ளையர் போனபின் பாகிஸ்தான் அரசும் அவரைப் பல்லாண்டுகள் சிறையில் அடைத்தது. 1988-இல் மறைந்தார். அவர் விருப்பப்படி ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்தில் அடக்கம் செய்தனர். அங்கே அப்போது போர் நடந்துகொண்டிருந்தது.