வாரம் ஒரு காசு: அருளாளர் பவுலின் ஜாரிக்கோ

ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் மறைபரப்பு ஞாயிறு வருகிறது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பே நம் வகுப்பறைகளில் உண்டியல் வைக்கப்படுகிறது. காலையில் பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில் அப்பாவிடம் காசு கேட்டு வாங்கி வந்து அதில் போடுகிறோம். நம் கடமை முடிந்தது என எண்ணிக்கொள்கிறோம். இக்காணிக்கைக்கு வித்திட்டவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் சிந்தித்திருப்போம்? அவர் ஆயர் அல்லர், துறவியும் அல்லர். நம்மைவிட நான்கைந்து வயதே மூத்த ஓர் இளம்பெண்!

பிரான்சு தேசத்தில் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற லியோன் நகரில், 1799ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் பவுலின் பிறந்தார். தந்தையார் செல்வம் மிக்க பட்டு வணிகர். பட்டாடையும் நகையும் அணிந்து, பிறர் தம்மைப் பார்த்து வியப்பதில் மகிழ்ந்த சிறுமிதான் அவர். 15 வயதில் கீழே விழுந்து நோயுற்றார். அந்நாட்களிலேயே அன்னையையும் இழந்தார். 17 வயதில், தவக்காலத்தில் வீண் பகட்டைக் குறித்துக் கேட்ட ஒரு பிரசங்கம் அவரது உள்ளத்தைத் தைத்தது. நகைகளைத் துறந்தார், ஆலைத் தொழிலாளப் பெண்களைப் போல எளிய உடை உடுத்தினார். கன்னிமை வாக்குக் கொடுத்த போதிலும், மடத்தில் சேராமல் இறுதிவரை இல்லத்துப் பெண்ணாகவே வாழ்ந்தார்.

பிரஞ்சுப் புரட்சியால் அங்கே திருச்சபை நலிந்திருந்த காலம் அது. தூர தேசங்களுக்கு மறைபோதகர்களை அனுப்பும் சபைகள் பொருளின்றித் தவித்தன. புதுச்சேரிக்கும் குருக்களை அனுப்பிய பாரிஸ் அந்நிய வேதபோதக சபை அவற்றுள் ஒன்று. பாரிஸில் குருத்துவப் படிப்பில் இருந்த அண்ணன் பிலேயாஸ், இந்நிலையைத் தங்கைக்குக் கடிதம் வழியே தெரிவித்தார்.

பவுலின் செல்வந்தர்களின் வாசலைத் தேடிச் செல்லவில்லை. உறவினரின் பட்டாலையில் உழைத்த ஏழைப் பெண்களிடம் சென்றார். வாரம் ஒரு சூ, அதாவது ஒரு சிறு காசு; நாள்தோறும் ஒரு சிறு செபம். இவ்வளவே அவர் கேட்டது. வீட்டார் சீட்டாடிக் கொண்டிருந்த ஒரு மாலையில், கணப்பருகே அமர்ந்து அவர் இதற்கொரு திட்டம் வகுத்தார் என்பர். ஒருவர் பத்துப் பேரைச் சேர்க்க வேண்டும். பத்துப் பத்துகளுக்கு ஒரு தலைவர். பத்து நூறுகளுக்கு ஒரு தலைவர். இவ்விதையிலிருந்தே 1822ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் விசுவாசப் பரப்புதல் சங்கம் முறையாகத் தோன்றியது. ஆசியா, அமெரிக்கா ஆகிய கண்டங்களின் மறைபோதகங்களுக்கு உதவி சென்றது.

1826இல் அவர் ‘உயிருள்ள செபமாலை’யைத் தொடங்கினார். அந்நாளில் செபமாலைக்கு 15 தேவ இரகசியங்கள். 15 பேர் கூடி, ஆளுக்கொன்றாக நாள்தோறும் சொன்னால் முழு மாலை நிறைவுறும். ஒருவர் மறந்தாலும் மாலையில் ஒரு மணித்தொகுதி குறைந்துவிடும்!

பிற்காலத்தில் தொழிலாளர் நல்வாழ்வுக்காக ஓர் ஆலையை வாங்க முற்பட்டார் பவுலின். நம்பியவர்கள் ஏமாற்றினர். பெருங்கடன் சூழ்ந்தது. உலகெங்கும் உதவி அனுப்ப வழிவகுத்தவர், கடனைத் திருப்பித் தர வீடு வீடாகக் கையேந்தினார். அவரால் உருவான சங்கத்தின் பொறுப்பாளர்களும் அவரை நிறுவுநராக ஏற்றுக்கொள்ளவில்லை. எவரையும் பழிக்காமல், 1862ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் ஏழையாகவே கண்மூடினார்.

அவர் மறக்கப்பட்டாலும் அவரது பணி நிற்கவில்லை. 1922இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் அச்சங்கத்தைப் பாப்பரசரின் சங்கமாக உயர்த்தினார். 1926இல் மறைபரப்பு ஞாயிறு ஏற்படுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டு மே 22ஆம் நாள், லியோன் நகரிலேயே பவுலின் அருளாளர் பட்டம் பெற்றார்.

தோழியரே, அந்தப் பட்டாலைப் பெண்கள் கொடுத்த காசு எவரிடமும் கேட்டு வாங்கியதன்று. தங்கள் கூலியிலிருந்து எடுத்தது. அதை நினைக்கும்போது நம் உண்டியல் காசு நமக்கே சிறிது வெட்கத்தைத் தருகிறதன்றோ? திருச்சபையின் நாளைய நிலை குருக்களுக்கும் கன்னியருக்கும் மட்டும் உரிய கவலையன்று. ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரின் பங்கும் அதில் உண்டு. வரும் அக்டோபரில் இடைவேளைத் தின்பண்டம் ஒன்றை விட்டு, அக்காசை நம் சொந்தக் காசாகப் போடுவோம். நாள்தோறும் ஒரு செபம் சொல்வோம். இன்னும் ஒரு தோழியையும் சேர்த்துக் கொள்வோம். பவுலின் தொடங்கிய மாலையில் நம் மணி விடுபடாதிருக்க இறைவன் அருள்வாராக!