கலங்களின் மறைவில் வாழ்வைக் கண்ட மெச்னிக்கோவ்

உயிரியல் அறிஞர் இலியா மெச்னிக்கோவ் 1845 ஆம் ஆண்டு, இன்றைய உக்ரேனின் கார்கிவ் நகருக்கு அண்மையிற் பிறந்தார். ஒடெசாப் பல்கலைக்கழகத்தில் விலங்கியற் பேராசிரியராக விளங்கிய அவர், அரசியற் கொந்தளிப்பின் காரணமாக 1882 இல் பதவியைத் துறந்து, இத்தாலியின் மெசீனா நகரை அடைந்தார்.

அங்கே, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குடம்பியின் உடலில் ரோசா முள்ளைச் செருகிவைத்தார். மறுநாட் காலை, அசையுந் தன்மையுடைய கலங்கள் அம்முள்ளைச் சூழ்ந்து நின்றன. அவையே தின்குழியங்கள்.

அந்நியப் பொருளை மாத்திரமா அவை விழுங்குகின்றன? வாற்பேத்தை தவளையாக மாறுங்கால் அதன் வால் அறுந்து வீழ்வதில்லை. வாலின் கலங்கள் மடிகின்றன. தின்குழியங்கள் அவற்றை விழுங்கிச் செரிக்கின்றன. இதனையும் அவர் ஆராய்ந்தார். இத்தகைய ஒழுங்கான கல மரணத்திற்கு 1972 இல் 'அப்போப்டோசிஸ்' என்னும் பெயர் சூட்டப்பட்டது.

தாய்நாட்டில் எதிர்ப்பு மலியவே, 1888 இல் பாரிசுக்குப் பெயர்ந்தார். லூயி பாஸ்டர் அவரை வரவேற்று ஆய்வுகூடம் அளித்தார். 1908 இல் போல் ஏர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவர், 1916 இல் பாரிசிலேயே மறைந்தார்.

மாணவச் செல்வங்களே! அழிவெல்லாம் அழிவன்று என்பதை வாற்பேத்தையின் வாலும், புலம்பெயர்ந்த மண்ணிலும் கல்வி வேரூன்றும் என்பதை அப்பெரியாரின் வாழ்வும் நமக்கு உணர்த்துகின்றன.