தணிகையை மீட்ட சிலம்புச் செல்வர்

தமிழகத்தின் வட எல்லை வரலாற்றை எழுதுவோர் ம.பொ.சி.யை விலக்கி எழுத இயலாது. பழைய இலக்கியத்தைக் காக்கப் புறப்பட்ட அவர், அவ்விலக்கியம் சுட்டிய நிலத்தையும் காக்க முனைந்தார்.

மயிலை பொன்னுசாமி சிவஞானம் சென்னை ஆயிரம் விளக்கை அடுத்த சால்வன்குப்பத்தில் 1906 சூன் 26ஆம் நாள் பிறந்தார். வறுமை அவரது பள்ளிப் படிப்பை மூன்றாம் வகுப்போடு நிறுத்தியது. இளமையில் நெசவு செய்தார். பின்னர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தார். கோத்த எழுத்துகளே அவருக்கு ஆசானாயின. காங்கிரசில் சேர்ந்து பலமுறை சிறை புகுந்தார். 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் வேலூரிலும் அமராவதியிலும் அடைபட்டு, கொடிய வயிற்றுநோய்க்கு ஆளானார். அந்நோய்க்கிடையே அவருக்குத் துணையானது சிலப்பதிகாரம். மூவேந்தர் நாடுகளையும் ஒரு கதைக்குள் இணைத்த இளங்கோவடிகளிடம் அவர் தமிழின ஒருமையைக் கண்டார். சிலம்புச் செல்வர் என்னும் பட்டம் ரா. பி. சேதுப்பிள்ளை அளித்தது.

1946 நவம்பரில் தமிழரசுக் கழகத்தை நிறுவினார். கம்பனும் சமய இலக்கியங்களும் கடுமையாகத் தாக்கப்பட்ட காலத்தில் அவற்றின் பக்கம் நின்றார். மரபைப் பேணியவராயினும் பழமையில் உறைந்தவரல்லர். மொழிவழி மாநிலம் என்னும் புதிய கோரிக்கையைத் தொல்காப்பியப் பாயிரம் கூறும் வேங்கட எல்லையின்மேல் நிறுத்தினார்.

1952இல் சட்ட மேலவை உறுப்பினரானார். மறு ஆண்டு ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அங்கே சென்றது. இப்பகுதியில் தமிழ் கற்பித்து உணர்வூட்டியிருந்தவர் மங்கலங்கிழார். அவர் பண்படுத்திய நிலத்தில் ம.பொ.சி.யும் தணிகை வழக்கறிஞர் கே. விநாயகமும் போராட்டத்தை வளர்த்தனர். 1953இல் திருத்தணியில் தடையை மீறி ம.பொ.சி. சிறை சென்றார். எல்லைப் பணியை விடாத அவருக்கும் காங்கிரசுக்கும் 1954இல் உறவு முறிந்தது.

பின்னர் எல்லைத் தகராற்றைத் தீர்க்க வந்த படாஸ்கர், பாயிரத்தை அளவுகோலாகக் கொள்ளவில்லை. கிராமத்தை அலகாகக் கொண்டு, பேசுவோர் பெரும்பான்மையையும் நிலத் தொடர்ச்சியையும் நோக்கினார். 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. வேங்கடமலை ஆந்திரத்திலேயே நின்றது. ஒரு முருகன் தலம் மீண்ட மகிழ்ச்சியும் இலக்கிய எல்லை கைவிட்டுப் போன வருத்தமும் அவர் வாழ்வில் ஒருங்கே தங்கின.

நெடுங்காலம் தி.மு.க.வை எதிர்த்தவர், 1967இல் அதன் தோழமையோடு தியாகராய நகரிலிருந்து சட்டமன்றம் புகுந்தார். அவர் நெடுநாள் வேண்டிய தமிழ்நாடு என்னும் பெயருக்கு அவ்வாண்டே அவை இசைவளித்தது. வள்ளலார் பற்றிய நூலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றார். பின்னாளில் மேலவைத் தலைவராக வீற்றிருந்தார். 1986இல் அந்த மேலவையே கலைக்கப்பட்டது. பழையனவற்றைக் காத்தவரின் கண்முன்னேயே அவர் தலைமை தாங்கிய மன்றம் மறைந்தது. 1995 அக்டோபர் 3இல் அவர் மறைந்தார்.

செய்யுள் அவருக்குத் துணிவைத் தந்தது; ஆயினும் எல்லையை முடிவு செய்தது ஊர்களில் வழங்கிய பேச்சுத் தமிழே. ஏட்டுத் தமிழைப் போற்றும் கவிஞர்கள் நாவில் வாழும் தமிழையும் பேணவேண்டும் என்பதைத் தணிகையின் வரலாறு உணர்த்துகின்றது.