மூவலூர் அம்மா யாரு?

மாசா மாசம் எங்க ஊர்ப் பொண்ணுங்க பல பேர் அக்கவுன்ட்டுல 1000 ரூபாய் விழும். ஜலகண்டாபுரத்துல இருந்து தாரமங்கலம் வழியா சேலம் வர்ற காலை பஸ்ஸுல அன்னைக்கு அதே பேச்சாத்தான் இருக்கும். உனக்கு வந்துச்சா, எனக்கு இன்னும் வரல, ஆதார் லிங்க் பண்ணியா... இப்படி. அரசுப் பள்ளியில 6-வதுல இருந்து 12 வரைக்கும் படிச்சுட்டு காலேஜ் சேர்ந்த பொண்ணுங்களுக்கான பணம் அது. நாங்க எல்லாரும் புதுமைப் பெண் பணம்னுதான் சொல்லுவோம். ஆனா திட்டத்தோட முழுப் பெயர் வேற: மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். 2022 செப்டம்பர் 5-ல ஆரம்பிச்சது.

போன செமஸ்டர் லீவுல எங்க அம்மா யாரு அந்த மூவலூர் அம்மான்னு கேட்டாங்க. எங்க வீட்டுல விசைத்தறி. தறி ஓடும்போது கத்தித்தான் பேசணும். எனக்குப் பதில் தெரியல. ஏதோ கட்சியில இருந்தவங்கன்னு கத்தி சமாளிச்சுட்டேன். அது பொய் இல்ல, ஆனா முழுசும் இல்ல. இந்த இதழுக்கு எழுதலாம்னு தேடிப் படிச்சப்பதான் மீதி தெரிஞ்சுது.

ராமாமிர்தம் பிறந்தது 1883-ல், திருவாரூரில். வளர்ந்தது மயிலாடுதுறை பக்கத்திலுள்ள மூவலூரில். அப்பா கிருஷ்ணசாமி வறுமையில் வீட்டை விட்டுப் போய்விட்டார். அம்மா சின்னம்மாள், ஐந்து வயது மகளை ஒரு தாசியிடம் கொடுத்துவிட்டுப் புருஷனைத் தேடிப் போனார். கைமாறிய தொகை பத்து ரூபாயும் ஒரு பழைய புடவையும் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். வாங்கியவரும் ஒரு காலத்தில் இதே மாதிரி பொட்டுக் கட்டப்பட்ட சிறுமியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பொட்டுக் கட்டுதல்னா என்னன்னு நம்ம வயசுக்காரங்களுக்குச் சொல்லணும். வயதுக்கு வராத சிறுமியைக் கோயில் சாமிக்குத் தாலி கட்டி வைப்பது. அதுக்கப்புறம் அவள் வேறு யாரையும் கல்யாணம் செய்ய முடியாது. ஆனால் மிராசுதாரோ, மைனரோ, பணம் உள்ள எவரோ அவளை வைத்துக்கொள்ளலாம். சம்மதம் கேட்பது என்ற பேச்சே அங்கே கிடையாது. சட்டமும் பெரிசா உதவல. பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியதே 1891-ல்தான், அப்போ ராமாமிர்தத்துக்கு எட்டு வயசு. அந்தப் பன்னிரண்டுக்கே நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. இன்னைக்கு 2012 போக்சோ சட்டப்படி 18 வயசுக்குக் கீழே இருப்பவர் சம்மதம் சொன்னாலும் அது சம்மதம் ஆகாது. நாம இன்னைக்குக் குழந்தை மீதான பாலியல் வன்முறைன்னு சொல்றதை அன்னைக்கு மஞ்சள், குங்குமம், மேளம் வச்சு ஊரறியச் செஞ்சாங்க. பெண் மட்டும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அசிங்கம் அவளுக்குத்தான்.

ராமாமிர்தம் அந்த வீட்டில் பாட்டு, நடனம், படிப்பு எல்லாம் கற்றார். வயது வந்ததும் ஒரு கிழவருக்கு அவரைக் கொடுக்க ஏற்பாடு நடந்தது. அவர் மறுத்தார். பாட்டு சொல்லிக் கொடுத்த சுயம்புப் பிள்ளையை மணந்துகொண்டார். ஊர் விடவில்லை, பகைத்தவர்கள் பொய் வழக்குவரை போனார்கள். இந்த இடத்தில் சுயம்புப் பிள்ளையைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. எனக்கு அவர் முக்கியமாப் படுது. ஒரு பொண்ணு எனக்கு இது வேண்டாம்னு சொன்னப்ப, அதை நம்பி, கூட நின்ன முதல் ஆள் அவர்.

தான் தப்பித்தாயிற்று, இனி குடும்பம் உண்டு, வீடு உண்டு என்று ராமாமிர்தம் இருந்திருக்கலாம். அவர் செய்தது வேற. அந்தச் சமூகத்துப் பெண்கள் வீடுகளுக்கே போய்ப் பேச ஆரம்பித்தார். பல வீடுகளில் உள்ளேயே விடவில்லை, தங்கள் பிழைப்பைக் கெடுக்க வந்தவள் என்று திட்டினார்கள். அவர் சங்கம் கட்டினார். 1925-ல் மாயவரத்தில் இசை வேளாளர் மாநாட்டை நடத்தியதில் அவர் பங்கு பெரியது. முதலில் காங்கிரஸில் இருந்தவர், பெரியார் வெளியேறியபோது அவரும் வெளியேறி சுயமரியாதை இயக்க மேடைகளில் பேசினார். அன்றைக்குக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, எனக்கு நடந்தது இது, இதற்கு வெட்கப்பட வேண்டியது நான் அல்ல என்ற பொருளில் பேசுவது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மைக் கூட எல்லா ஊரிலும் கிடையாது.

சென்னையில் இதே வேலையை வேறு வழியில் செய்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய அம்மாவும் இதே சமூகம்தான். சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த திருத்தம் 1929-ல் நிறைவேறியது. கோயில் ஊழியத்துக்காகக் கொடுக்கப்பட்ட மானிய நிலம் அந்த ஊழியம் இல்லாமலே அந்தப் பெண்களுக்குச் சொந்தமாகலாம் என்பது அதன் சாரம். எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம். வெளியே வான்னு சொல்றவங்க நிறைய பேர், வந்தா சோத்துக்கு என்னன்னு கேட்டவங்க கொஞ்சம் பேர்தான். பொட்டுக் கட்டுவதைத் தடுக்க 1930-ல் அவர் மசோதா கொண்டுவந்தார். அந்தச் சமயத்தில்தான் தாசிக் குடும்பத்துச் சிறுமிகள் மூன்று பேர் அடைக்கலம் கேட்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். சென்னையில் எந்த விடுதியும் அவர்களைச் சேர்க்கத் தயாராக இல்லை. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் அப்படித்தான் ஆரம்பமானது, இன்றும் சென்னை அடையாறில் இருக்கிறது.

மசோதா சட்டமாக 1947 வரை ஆனது. நடுவில் 1936-ல் ராமாமிர்தம் ஒரு நாவல் எழுதினார், தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர். மைனர் ஒருவன் சொத்தை இழப்பதும், உள்ளிருந்தே சில பெண்கள் விழித்துக்கொண்டு சங்கம், மாநாடு என்று போவதும் கதை. தன் வாழ்க்கையைப் பற்றி முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். புனைபெயர் இல்லை. அட்டையில் அவர் பெயரேதான்.

நாவலாப் பார்த்தா அது அவ்வளவு சுவாரசியம்னு சொல்ல முடியாது. பாதி இடத்துல கதாபாத்திரங்கள் பேசுறாங்களா, மேடைப் பேச்சான்னு தெரியல. இன்னொரு குறையும் இருக்கு. தலைப்பே தாசிகள் வலை விரிக்கிறாங்கன்னுதான் சொல்லுது. மைனர் ஏமாந்தவன் ஆகிடுறான். சிக்கிக்கிட்ட பெண்கள் மேலேயே பழி விழற மாதிரி நிறைய பக்கங்கள். அந்தக் காலத்து இயக்கத்துக்காரங்க பலரும் அப்படித்தான் பேசினாங்க. சட்டத்தை எதிர்த்த பெங்களூர் நாகரத்தினம்மாள் மாதிரியான கலைஞர்களும் அந்தச் சமூகத்துலயே இருந்தாங்க. எங்களை எல்லாம் ஒரே வார்த்தையில அடைச்சு அசிங்கப்படுத்துறீங்கங்கறது அவங்க தரப்பு. அதுலயும் நியாயம் இருக்கு. இத்தனைக்கும் பிறகும் நான் ராமாமிர்தம் பக்கம்தான் நிற்பேன். மத்தவங்க எல்லாம் தாசிகளைப் பத்திப் பேசினாங்க, அவர் அந்த வீட்டுக்குள்ள ஐந்து வயசுல விடப்பட்ட குழந்தையாப் பேசினார்.

மீதியைச் சுருக்கமா சொல்லிடறேன். 1938-ல் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு நடைப்பயணம் கிளம்பியது. நாற்பத்திரண்டு நாள், 577 மைல். சுமார் நூறு ஆண்கள் நடுவில் ஒரே பெண்ணாக, ஐம்பத்தைந்து வயதில் நடந்தார். அந்த ஆண்டு நவம்பரில் மறியல் செய்து சிறைக்கும் போனார். 1949-ல் பெரியாரைப் பிரிந்து தி.மு.க.வில் சேர்ந்தார். 1962 ஜூன் 27-ல் இறந்தார். 1989-ல் ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்கு அரசு அவர் பெயரை வைத்தது. கல்யாணத்துக்கு இருந்த அந்தப் பெயர்தான் இப்போ காலேஜுக்கு மாறியிருக்கு. அவருக்கு இதுதான் பிடிச்சிருக்கும்னு தோணுது.

பேசினவங்களுக்கு எவ்வளவு நாள் ஆகும்ங்கறதுக்கு நம்ம பக்கத்து தருமபுரி மாவட்டத்துலயே உதாரணம் இருக்கு. 1992 ஜூன் 20-ல் வாச்சாத்தியில் பதினெட்டுப் பெண்கள் மீது அரசு ஊழியர்களே பாலியல் வன்முறை செய்தார்கள். அந்தப் பெண்கள் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னார்கள். தீர்ப்பு வந்தது 2011-ல். சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-ல். கூட நின்னவங்க நடுவுல விட்டுட்டுப் போயிருந்தா அந்த வழக்கு என்னைக்கோ முடிஞ்சிருக்கும்.

நம்ம நிலைமை கொஞ்சம் பரவாயில்ல. ராமாமிர்தம் தன் பெயரை அட்டையில் போட வேண்டியிருந்தது. இப்போ பாதிக்கப்பட்டவர் பெயரையோ, அடையாளம் தெரியற மாதிரி எதையுமோ வெளியிட்டாலே குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவு. வாட்ஸ்அப் குரூப்புல ஃபார்வர்டு பண்றதும் இதுல மாட்டும், அதைப் பசங்க ஞாபகம் வச்சுக்கணும். ஒவ்வொரு காலேஜிலும் 2013 சட்டப்படி உள் புகார்க் குழு இருக்கணும். சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துல கொடுக்கணும், காரணம் இருந்தா இன்னும் மூணு மாசம் தள்ளலாம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இந்த எண்கள் எனக்கே ரெண்டு மாசம் முன்னாடிதான் தெரியும்.

இதையெல்லாம் படிச்சுட்டு ஊருக்குப் போனப்ப அம்மாகிட்ட முழுக் கதையும் சொன்னேன். பத்து ரூபாய், பழைய புடவைங்கற இடத்துல தறியை நிறுத்திட்டாங்க. அப்புறம் நான் இதுவரைக்கும் கேட்காத ஒண்ணைச் சொன்னாங்க. அவங்க கூட எட்டாவது படிச்ச ஒரு பொண்ணு திடீர்னு ஸ்கூலுக்கு வர்றதை நிறுத்திட்டா. கெட்டுப் போயிட்டான்னு தெருவுல பேசிக்கிட்டாங்க, யார் கெடுத்ததுன்னு யாரும் கேட்கல. இவங்களையும் அவகூட பேசக் கூடாதுன்னு பாட்டி சொல்லிட்டாங்க, இவங்களும் பேசல. முப்பது வருஷம் கழிச்சு அன்னைக்குத்தான் அம்மா அவ பெயரைச் சொன்னாங்க. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். இப்ப எங்க இருக்கான்னு விசாரிக்கணும்னாங்க. போன வாரம் போன் பண்ணப்ப, நம்பர் கிடைச்சிருச்சு, இன்னும் கூப்பிடல, என்ன பேசறதுன்னு தெரியலன்னு சொன்னாங்க.