பிளேட்டோவும் கணிதமும்

கி.மு. 399ஆம் ஆண்டில் ஏதென்சு நகரத்து நீதிமன்றம் சாக்ரடீசுக்கு மரண தண்டனை விதித்தது. பெரும்பான்மை வாக்கால் எழுந்த தீர்ப்பு அது. அரபு நூல்கள் அஃப்லாத்தூன் எனக் குறிக்கும் பிளேட்டோ, அப்போது முப்பது வயதையும் எட்டாத மாணவர். உயர்குடியிற் பிறந்து அரசியலை நாடியிருந்த அவ்விளைஞரின் வாழ்வை அத்தீர்ப்பு திசை திருப்பியது. வாக்குகளின் எண்ணிக்கையால் மாறாத உண்மை ஒன்றுண்டா என்பதே அவருடைய தேடலாயிற்று எனலாம்.

தென் இத்தாலிக்குச் சென்ற பிளேட்டோ, பிதாகரசு நெறியினரான ஆர்க்கிட்டசின் நட்பைப் பெற்றார். கணித அறிஞரான ஆர்க்கிட்டசு, தாரெந்தம் நகரின் படைத்தலைவராகவும் விளங்கியவர். நாடு திரும்பிய பிளேட்டோ, ஏதென்சின் மதிற்புறத்தே அக்காதெமி என்னும் கல்விக்கழகத்தை நிறுவினார். தியாயித்தெத்தசு, யூடாக்சசு முதலிய கணித மேதைகள் அதனோடு தொடர்பு கொண்டிருந்தனர். வடிவியல் அறியாதார்க்கு அங்கு இடமில்லை என வாயிலில் பொறித்திருந்ததாகக் கூறுவது பிற்காலத்தார் வழக்கு. ஆயினும் பொருத்தமான கற்பனையே.

அவர் எழுதிய 'மேனோ' என்னும் உரையாடலில், கல்லாத அடிமைச் சிறுவன் ஒருவனிடம் சாக்ரடீசு ஒரு கணக்கை வைக்கிறார். பக்கம் இரண்டடியுள்ள சதுரத்தைப்போல் இருமடங்கு பரப்புடைய சதுரத்தின் பக்கம் யாது? சிறுவன் நான்கடி என்கிறான், பரப்பு பதினாறாகிறது. மூன்றடி என்கிறான், ஒன்பதாகிறது. வேண்டியதோ எட்டு. திகைத்து நின்ற அவன், வினாக்களின் துணையால் மூலைவிட்டத்தின்மேல் எழும் சதுரமே விடையெனக் கண்டுகொள்கிறான். அவ்விடத்தில் அடிமையும் ஆண்டானும் நிகர். ஏதென்சு மன்றம் முழுதும் கூடி வாக்களித்தாலும் அம்மூலைவிட்டம் நூலிழையளவும் நீளாதன்றோ!

ஆதலின் 'குடியரசு' நூலில், ஆளவிருப்போர் எண்ணியல், தள வடிவியல், திண்ம வடிவியல், வானியல், இசையியல் ஆகியவற்றைக் கற்ற பின்னரே மெய்யியல் வாதத்துள் புகவேண்டும் என்றார். வணிகக் கணக்கு அவர் கருத்தன்று. கண் காண்பதினின்றும் கருத்து காண்பதற்கு உள்ளத்தைத் திருப்புவதே நோக்கம்.

இதனை நாடாளும் ஒருவரிடம் சோதித்துப் பார்க்கவும் அவர் துணிந்தார். சிசிலித் தீவின் சைரக்கூசு நகரை ஆண்ட இரண்டாம் டயோனீசியசுக்குக் கற்பிக்கச் சென்றார். அரண்மனையெங்கும் மணல் பரப்பி வடிவங்கள் வரையப்பட்டனவாம். ஆர்வம் விரைவில் தணிந்தது; ஐயம் வளர்ந்தது. கி.மு. 361இல் மீண்டும் சென்றபோது தடுத்து வைக்கப்பட்டார். அவரை மீட்கக் கப்பல் அனுப்ப ஏற்பாடு செய்தவர் அதே ஆர்க்கிட்டசு.

கி.மு. 347 அளவில் பிளேட்டோ மறைந்தார். அவரிடம் இருபது ஆண்டுகள் பயின்ற அரிசுடாட்டில், தம் காலத்தவர்க்குக் கணிதமே மெய்யியலாகிவிட்டது எனப் பின்னர்க் குறைப்பட்டுக்கொண்டார்.