இடையன்குடியிற் கால்டுவெல் ஐயர்

பொதியமலையினின்றும் இழிந்து, பாபநாசத்தையும் விக்கிரமசிங்கபுரத்தையும் வளஞ்செய்து செல்லும் பொருநையாற்றைக் கண்டோர், திருநெல்வேலி நாடு முழுவதும் நெல்வயலே என்று எண்ணக்கூடும். தென்கோடியிலோ அவ்வாற்றின் நீர் எட்டாது. செம்மணல் தேரியும் பனங்காடுமே கண்ணுக்குப் புலனாகும். அப்பாலைப் பரப்பினைச் சார்ந்த இடையன்குடி என்னும் சிற்றூரிலேயே கால்டுவெல் ஐயர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கழித்தனர்.

1814-ஆம் ஆண்டில் அயர்லாந்திற் பிறந்து, கிளாஸ்கோவிற் கற்று, 1838-இல் சென்னைக்கு வந்த இவர், 1841-இல் அங்கிருந்து கால்நடையாகவே புறப்பட்டார். தஞ்சை, நீலகிரி, மதுரை முதலியவற்றைக் கண்டு, அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். ஒழுங்கின்றிக் கிடந்த அவ்வூரில் நேரிய தெருக்களை வகுத்து, கிணறுகள் தோண்டுவித்து, மரங்களும் வைப்பித்தார். 1844-இல் இவரை மணந்த எலைசா அம்மையார் நாஞ்சில் நாட்டில் வளர்ந்தவர். தமிழை நம்மவர்போற் பேச வல்லவர். அவ்வூர்ப் பெண்களுக்குக் கல்வியும் லேஸ் பின்னலும் பயிற்றியவர் அவரே.

1847-இல் தேவாலயத்திற்குக் கடைக்கால் இடப்பட்டது. மேனாட்டுக் கோதிக் முறையில், கூரிய வளைவுகளையுடைய வாயில்களும் பலகணிகளும் அமைதல் வேண்டுமென்பது ஐயரது விருப்பம். நம் கல்தச்சரோ அத்தகைய வேலையிற் பழகிலர். ஆகவே ஐயர் தாமே களிமண்ணால் வடிவங்கள் சமைத்துக் காட்ட, தச்சர் அவற்றைப் பார்த்துக் கல்லிற் செதுக்கினர். சொல்லாற் புலப்படாதது, கையாற் பிசைந்த மண்ணாற் புலப்பட்டது போலும்!

கோயில் முற்றுப்பெறுமுன்னரே, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. தென்மொழிகள் வடமொழியினின்றும் பிறந்தனவல்ல என்பதனை 1816-இலேயே எல்லிஸ் துரை உரைத்திருந்தனர். எனினும், அதனை விரிந்த சான்றுகளால் நிலைநிறுத்தியவர் கால்டுவெல் ஐயரே. தமிழைச் சிறப்புப்பாடமாகப் பயிலும் நாம், நாள்தோறும் எடுத்தாளும் கருத்துகள் பல அம்மணற்காட்டில் எழுதப்பெற்றவை என்பதை மறந்துவிடுகின்றோம்.

ஆயினும் ஒரு குறையை மறைத்தல் நேர்மையன்று. நாடார் குலத்தாரைப்பற்றி 1849-இல் இவர் வெளியிட்ட ஆங்கில நூல், அம்மக்களை இழித்துரைத்தது. அக்குலத்திற் கல்வி பெற்றோர் பின்னர் வெகுண்டு எதிர்த்தனர். ஐயரும் அந்நூலை வழக்கினின்றும் நீக்கினர். அவர்தம் சபையிற் பெரும்பாலோர் அக்குலத்தாரே. பனையேறிப் பிழைத்த அவ்வெளியோர் நடுவில் இருந்துகொண்டே அங்ஙனம் எழுதியது, அவரைப் போற்றுவோர்க்கும் வருத்தம் தருவதேயாம்.

1877-இல் ஐயர் அத்தியட்சராக உயர்ந்தார். 1880-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், கடைக்கால் இட்டு 33 ஆண்டுகள் சென்றபின், கோயில் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. அப்பொழுது அவருக்கு வயது 66. 1891 ஆகஸ்டு 28-இல் கொடைக்கானலில் அவர் உயிர்துறந்தனர். அவரது உடலை மலையினின்றும் இறக்கி, இடையன்குடிக்குக் கொணர்ந்து, அக்கோயிலின் பீடத்தின்கீழ் அடக்கம் செய்தனர்.