ஜி.டி. நாயுடுவும் 300 ரூபாய் மோட்டார் சைக்கிளும்



டிப்ளமோ முடித்ததும் ஸ்டார்ட்-அப் ஆரம்பிக்கணும் என்று நம் வகுப்பில் பாதிப் பேர் பேசுகிறோம். என்ன பொருள், யாருக்கு என்று கேட்டால் அப்புறம் பார்த்துக்கலாம் என்கிறோம். அதனால்தான் ஜி.டி. நாயுடுவைப் பற்றி எழுதுகிறேன்.

கோவை அருகே கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்தவர். பள்ளிப்படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு சரி. ஒருநாள் ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தே ஆக வேண்டும். அவ்வளவுதான் ஆசை! கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை செய்தார். 3 வருடம் காசு சேர்த்து, அதே வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, திரும்பப் பூட்டினார். அவருக்கு ஒர்க்‌ஷாப் பாடம் அதுதான்.

1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. எங்கள் குத்தம்பாக்கத்தில் எழும்பியிருக்கும் பஸ் முனையத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒரு பஸ் எனக்கு ஞாபகம் வரும்.

பிறகு ரேசர், 70 ரூபாய் ரேடியோ, 2000 ரூபாய் கார் என்று அவர் கைவைக்காத பொருள் இல்லை. காருக்கு அரசு லைசென்ஸ் கிடைக்கவில்லை. அது பெரிய அநியாயம். ஆனாலும் துணிந்து ஒன்று சொல்கிறேன். பஸ்ஸில் இருந்த ஒரே குறி அவற்றில் இல்லை. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து செய்த மின் மோட்டார்தான் வேறு கதை. இந்தியாவின் முதல் மோட்டார் என்பார்கள். பாலசுந்தரம் பிற்பாடு டெக்ஸ்டூல் கம்பெனியைத் தொடங்கினார். கோவையும் மோட்டார், பம்புக்குப் பேர்போன ஊராகிவிட்டது.

நமக்கு நெருக்கமான சங்கதி இனிமேல்தான். 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வர உதவி, அவரே முதல்வராகவும் இருந்தார். 4 வருடப் படிப்பு வீண், 2 வருடம் போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒத்துக்கொள்ளவில்லை; விலகிவிட்டார். எங்க அப்பா அம்பத்தூரில் லேத் பட்டறை ஹெல்ப்பர். டிராயிங் படிக்கத் தெரியாததால் 20 வருடமாக ஹெல்ப்பராகவே இருக்கிறார். அவரைப் பார்த்து வளர்ந்த எனக்கு நாயுடு சொன்னது பாதிதான் சரி என்று படுகிறது.

1974-இல் காலமானார். அவர் பெயரில் கோவை அவிநாசி சாலையில் அருங்காட்சியகம் இருக்கிறது. அடுத்த இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு அங்கே போக எச்.ஓ.டி. சாரிடம் எல்லோரும் சேர்ந்து கேட்போமா?